ஆவுளியாவா, ஷார்க்ஸா? கல்லூரிக் கைப்பந்து அணியின் பெயர் பற்றி

வடகடல் 98 (இழையைத் தொடங்கியவர்)

நம் கல்லூரிக் கைப்பந்து அணிக்குப் புதுச் சட்டை வந்துவிட்டது. படத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் துணி, சிவப்புக் கோடு, நெஞ்சில் வாயைப் பிளந்த சுறா, அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் ‘ராம்நாடு ஷார்க்ஸ்’. முதுகில் ஆட்டக்காரரின் பெயர் இருந்த இடத்தில் சட்டை வாங்கித் தந்த நிறுவனத்தின் பெயர்.

நமக்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது: ஆவுளியா, அதாவது கடற்பசு. கல்லூரி ஆவணம் எதிலும் ஏறாத பெயர்தான். ஆனால் தேவிபட்டினத்திலிருந்து முக்கையூர் வரை எந்த மின்னொளிப் போட்டிக்குப் போனாலும் ஒலிபெருக்கியில் “ஆவுளியா அணியினர் உடனே களத்துக்கு வரவும்” என்றுதான் அழைப்பார்கள். கல்லூரியின் பெயரைச் சொன்னால் அந்த அறிவிப்பாளருக்கே யாரென்று தெரியாது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 15 புள்ளி ஆட்டம் நடந்த காலத்தில் எங்கள் முன்வரிசையில் மூன்று பேர் பெரிய உடம்புக்காரர்கள். காரைக்குடியில் நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், தொண்டிப் பக்கத்துப் பையன்கள் நிறைந்த எதிரணி “ஆவுளியா கரை ஒதுங்கிவிட்டது” என்று கேலி செய்தது. அந்த மூன்று பேரும் வலைக்கு மேலே கையைத் தூக்கி நின்றால் பந்து எங்கே போகும்? வென்றோம். திரும்பும் பஸ்ஸில் நாங்களே அந்தப் பெயரைக் கத்திக்கொண்டு வந்தோம். அப்படி ஒட்டிய பெயர் அது.

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம் என்று நினைக்கிறேன். யார் யார் கையெழுத்துப் போடுவீர்கள்?

தொழில்முனைவோன் 09

நான் போடமாட்டேன் அண்ணன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் மாறினால் வானம் இடிந்துவிடாது. டெல்லி டேர்டெவில்ஸ் 2018 கடைசியில் டெல்லி கேப்பிடல்ஸ் ஆனது. கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021 இல் பஞ்சாப் கிங்ஸ் ஆனது. ரசிகர்கள் ஒரு வாரம் புலம்பிவிட்டு டிக்கெட் வாங்கப் போய்விட்டார்கள். ஆவுளியா என்றால் மண்டபம் ஊரைத் தாண்டி யாருக்குத் தெரியும்? கோயம்புத்தூருக்கு ஆடப் போனால் முதலில் அது என்ன பிராணி என்று விளக்கவேண்டும், பிறகுதான் ஆடவேண்டும். சுறாவுக்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று. விடுதியில் தங்கி ஆடும் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு முட்டையும் பாலும் கொடுக்கவேண்டும் என்று பயிற்சியாளர் இதே குழுவில் பணம் கேட்டார். எத்தனை பேர் பதில் எழுதினீர்கள்? அந்த முட்டைக்கு இப்போது காசு கொடுப்பது அந்த நிறுவனம்தான். பெயரைக் காப்பாற்றக் கூடும் கூட்டம் பிள்ளைகளின் வயிற்றுக்குக் கூடவில்லை.

தென்கடல் ரசிகன்

நான் இந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நாட்டுப்படகில் ஏறியவன். ஆனால் உங்கள் அணி கடற்கரை ஊர்களுக்கு ஆட வரும்போதெல்லாம் தொண்டை கட்டக் கத்துகிறவன். படித்தவர்களுக்கு மட்டும்தான் இங்கே பேச உரிமை என்றால் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன்.

சுறா என்று பெயர் வைத்தால் எதிரணி நடுங்கும் என்று நினைத்தவர் இந்தக் கரையில் ஒருவேளைச் சோறு தின்றதில்லை போலும். பால்சுறா என்றால் எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு. அவித்து, மேல்தோலைச் சுரண்டி, முள்ளெலும்பு நீக்கி, மஞ்சள்தூள் போட்டு உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக வதக்கிக் கொட்டிக் கிளறினால் தெரு முழுக்க மணக்கும். முதல் செட் தோற்றதும் எதிர்ப் பக்கத்திலிருந்து என்ன சத்தம் வரும் என்று இப்போதே எழுதித் தருகிறேன்: “புட்டு வெந்துவிட்டது, சட்டியை இறக்கு!” இதைத் தாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் இரண்டாவது செட் ஆடவேண்டும்.

முட்டை விஷயத்தில் தொழில்முனைவோன் தம்பி சொன்னது நியாயம். அதற்கு என்னால் ஆனதைத் தருகிறேன். எங்கே கட்டவேண்டும்?

பனைக்குளத்தான்

இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமே நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய விளம்பரம் எந்த நிறுவனம் தரும்? வடகடல் அண்ணனுக்கு என் கையெழுத்து உண்டு.

மண்டபம் முகாம்

அந்தக் காப்பகம் நம் மாவட்டத்தில் இல்லை. 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர். நம் பக்கம் இருப்பது 1986 இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகள் அதில் அடக்கம். கடிதத்தில் தவறான தகவலை எழுதிவிடாதீர்கள், நிர்வாகம் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஆவுளியா மந்தமானது, அதனால் விளையாட்டுக்குப் பொருந்தாது என்று இன்னொரு குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஆழம் குறைந்த கடலில் தாழை என்ற கடற்புல்லை மேயும் பாலூட்டி அது. மூன்று மீட்டர் வரை நீளம், நானூறு கிலோ அளவுக்கு எடை. மூச்சு வாங்க மேலே வந்தே ஆகவேண்டும். ஒரு வருடத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும். எழுபது வயது வரை வாழக்கூடியது. ஓடித் துரத்திக் கடிக்காது என்பது உண்மை. கைப்பந்தில் யார் யாரைக் கடிக்கிறார்கள்?

கணவாய்

படித்தவர்கள் ஆவுளியாவைக் கொண்டாடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் அதன் கறி கரையில் விற்றது. இன்று தப்பித் தவறித் திருக்கை வலையில் சிக்கினாலே நெஞ்சு பதறும். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை அது, பிடிப்பதே குற்றம். 2001 இல் கடல் அட்டையையும் அதே அட்டவணையில் சேர்த்தார்கள். அதை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் என்ன ஆயின என்று இந்த இழையில் யாராவது கேட்டீர்களா? தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், பூங்கா என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று.

சட்டையில் ஆவுளியாவைப் போட்டு ஊர் ஊராகப் போனால், “பாருங்கள், மக்களே அதை விரும்புகிறார்கள்” என்று சொல்லி நாளை இன்னொரு எல்லைக்கோடு போடுவார்கள். எனக்குச் சுறாவும் வேண்டாம், ஆவுளியாவும் வேண்டாம். ‘கச்சான்’ என்று வையுங்கள். நம் களத்தில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் வெளியூர்க்காரன் சர்வீஸ் ஒன்றாவது உள்ளே விழுந்திருக்கிறதா?

வடகடல் 98

கணவாய் தம்பி, கச்சான் நல்ல பெயர்தான். வாடையில் ஆடும்போது என்ன செய்வது?

எல்லைக்கோட்டுப் பயம் வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கைப்பந்துச் சட்டையைக் காட்டி அரசாணை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறையே ஊக்கத்தொகை கொடுக்கிறது. அதை விட்டவர்கள் நம்மவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் பெயராகவும் அது இருக்கலாமே.

கணவாய்

தொகையை எண்ணி வாங்குவதற்குள் அறுத்த வலையின் விலை இரண்டு மடங்கு ஏறியிருக்கும். சரி, மேலே பேசுங்கள்.

கீழக்கரை கோல்போஸ்ட்

எல்லாருக்கும் சலாம், வணக்கம். ஆவுளியா, சுறா என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? ‘சேது’வோடு ஒரு வீரப் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. சிங்கம், வேங்கை, வாள், வேல் என்று எத்தனையோ இருக்கின்றன.

நெறியாளர்

கோல்போஸ்ட் காக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். இருந்தாலும் இந்தத் திசையில் இழை போனால் பூட்டிவிடுவேன். அவர் பதிவுக்குக் கீழே வந்த ஏழெட்டுப் பதில்களை நீக்கியிருக்கிறேன். எந்த விலங்கு எந்தக் கொடியில் இருக்கிறது, எந்த ஆயுதம் எந்தக் குருபூஜைச் சுவரொட்டியில் இருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். சட்டையின் இரண்டு நிறங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கே இங்கே பொருள் உண்டு. மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது சும்மா இல்லை.

நெறியாளராக இல்லாமல், நம் கல்லூரியின் பழைய மாணவனாக ஒரு வார்த்தை. ஆவுளியாவின் பெரிய தகுதியே இதுதான். அதை எந்தச் சாதியும் இன்னும் தன் கொடியில் ஏற்றவில்லை. எல்லா ஊர்க்காரனும் வெட்கமில்லாமல் கத்தக்கூடிய பெயர் இங்கே எளிதில் கிடைக்காது. அந்தக் கணக்கில் சுறாவும் தேறும், ஒப்புக்கொள்கிறேன். சிங்கமும் வேங்கையும் தேறமாட்டா.

கடல் தாண்டியவன்

கலிபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சண்டையைப் போலவே ஒன்று இங்கே நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சாண்டா குரூஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம், கடலைப் பார்த்த மலைக்காடு. அந்தக் காட்டில் ஈர இலைகளுக்கு நடுவே ஓடில்லாத மஞ்சள் நத்தை ஒன்று ஊரும். கொழகொழவென்று, பார்க்க ஒன்றுமில்லாதது. மாணவர்கள் விளையாட்டாக அதையே தங்கள் சின்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980 இல் பல்கலைக்கழகம் தேசிய அளவிலான கல்லூரி விளையாட்டு அமைப்பின் மூன்றாம் பிரிவில் சேர்ந்தது. அதிகாரபூர்வமான பெயர் வேண்டும் என்றதும், கம்பீரமாக இருக்கட்டும் என்று வேந்தர் ‘கடற்சிங்கம்’ என்று முடிவு செய்தார். கூடைப்பந்துக் களத்தின் நடுவில் படமும் வரைந்தாகிவிட்டது. மாணவர்களோ தொடர்ந்து நத்தையைத்தான் கூவினார்கள். 1986 இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள், நத்தை வென்றது. வேந்தர் ஏற்கவில்லை. களத்தில் ஆடுகிறவர்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்றார். சரி என்று ஆடுகிறவர்களிடம் கேட்டார்கள். அவர்களும் நத்தை என்றார்கள்! அதற்குப் பிறகுதான் இறங்கிவந்தார். இன்று அந்த நத்தைச் சட்டைக்கு உள்ள கிராக்கி கடற்சிங்கத்துக்கு வந்திருக்காது.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் வேறு கதை. அங்கே பழைய பெயரில் வானவில் உண்டு. 2000 இல் அமெரிக்கக் கால்பந்து அணி மட்டும் வானவில்லை வெட்டிவிட்டு வெறும் ‘வாரியர்ஸ்’ ஆனது. மற்ற அணிகள் ஆளுக்கொரு பெயர். ஒரே பல்கலைக்கழகம், ஒவ்வொரு களத்திலும் ஒரு பெயர் என்று பல வருடம் ஓடி, 2013 இல் ஆண்கள் அணிகள் எல்லாம் ‘ரெயின்போ வாரியர்ஸ்’ என்ற பழைய பெயருக்கே வந்து சேர்ந்தன.

வியாபாரக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் தொழில்முனைவோன் சொல்வது தலைகீழ். சுறா, புலி, கழுகு என்று உலகமெங்கும் அணிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆவுளியா என்று பெயர் வைத்த அணி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

தொழில்முனைவோன் 09

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சட்டை விற்றே கோடிக் கணக்கில் வருமானம். நமக்குப் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் பழுதானால் பக்கத்து சைக்கிள் கடைக்கு ஓடவேண்டும். உவமை பொருந்தவில்லை.

கடல் தாண்டியவன்

சாண்டா குரூஸ் இருப்பது மூன்றாம் பிரிவில். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. கொழுத்த பல்கலைக்கழகத்தை நான் உதாரணம் காட்டவில்லை.

வழக்காடுபவள்

யாரும் கேட்காத கேள்வி ஒன்று: ‘ராம்நாடு ஷார்க்ஸ்’ யார் பெயரில் பதிவாகப் போகிறது?

வர்த்தகக் குறிச் சட்டம், 1999 இன்படி ஆடைக்கு ஒரு வகுப்பு, விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு ஒரு வகுப்பு. முறையே 25, 41. பணம் கொடுக்கும் நிறுவனம் தன் பெயரில் இரண்டிலும் விண்ணப்பித்துவிட்டால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பெயரும் சின்னமும் அவர்களோடு போகும். பதிவு பத்து வருடம் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். டெக்கான் சார்ஜர்ஸ் நினைவிருக்கிறதா? 2009 இல் ஐபிஎல் கோப்பை வென்ற அணி. 2012 இல் முதலாளியின் ஒப்பந்தம் ரத்தானது. ஹைதராபாத்துக்கு வேறு முதலாளி, வேறு பெயர். கோப்பை வென்ற பெயர் காற்றில் போயிற்று.

ஆவுளியாவை யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் இத்தனை வருடம் பலர் அறியப் புழங்கிய பெயருக்குப் பதிவு இல்லாவிட்டாலும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. பழைய நோட்டீஸ், சுவரொட்டி, பத்திரிகைச் செய்தி, கோப்பையில் பொறித்த பெயர் என்று எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். பெயர் எதுவானாலும் பதிவு கல்லூரியின் பெயரில்தான் இருக்கவேண்டும் என்ற ஒரு வரியைக் கடிதத்தில் சேருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

செட்டர் அக்கா

அண்ணன்மார்களே, பெண்கள் அணியின் சட்டையை யாராவது பார்த்தீர்களா? அதில் ‘லேடி ஷார்க்ஸ்’ என்று போட்டிருக்கிறது. இளஞ்சிவப்புக் கோடு வேறு. நாங்கள் ஆடியபோது ஆண்களும் ஆவுளியா, பெண்களும் ஆவுளியா. ஒலிபெருக்கியில் “ஆவுளியா பெண்கள் அணி” என்பார்கள், அவ்வளவுதான். சுறாவில் பெண் சுறாவுக்குத் தனி அடைமொழி எதற்கு? பல இனங்களில் பெண்தான் பெரியது.

கடல் தாண்டியவன்

அக்கா, அடைமொழியைக் காப்பாற்றப் போராடியவர்களும் இருக்கிறார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணிகளுக்கு ‘லேடி வால்ஸ்’ என்று பெயர். 2015 இல் கூடைப்பந்து அணியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா அணிகளிலும் அந்தப் பெயரை எடுத்தார்கள். பழைய ஆட்டக்காரிகளே கொதித்தெழுந்தார்கள். 2017 இல் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் அவர்கள் வென்ற கோப்பைகள் அப்படி.

செட்டர் அக்கா

அது அவர்களே உழைத்துச் சம்பாதித்த பெயர். இது யாரோ அச்சகத்தில் ஒட்டிய பெயர். இரண்டும் ஒன்றாகாது தம்பி.

மூன்றாம் ஆண்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போது பெண்கள் அணியில் ஆடுகிறேன். சீனியர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். சாண்டா குரூஸ் கதையைப் படித்த பிறகு எழுதலாம் என்று தோன்றியது.

எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டி வந்தது, பிரித்தோம், ஷார்க்ஸ் ஆகிவிட்டோம். நேற்றுப் பயிற்சி முடிந்ததும் இரண்டு அணியும் களத்திலேயே உட்கார்ந்து கை தூக்கிப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் ஆவுளியா. இரண்டு பையன்கள் மட்டும் ஷார்க்ஸ். அதில் ஒருவன் சட்டை ஸ்டைலாக இருக்கிறது என்பதற்காக.

பெயரைவிட எங்களுக்குப் பெரிய தொல்லை சட்டைதான். மாலை நாலு மணிக்கு வெட்டவெளிக் களத்தில் கறுப்புத் துணி அனலாகக் கொதிக்கிறது. நெஞ்சில் இருக்கும் சுறா தடித்த பிளாஸ்டிக் அச்சு. வியர்வை உள்ளே தேங்கி, படம் மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பந்தை எடுக்க மணலில் விழுந்து எழுந்ததில் மூன்றாவது நாளே என் சுறாவுக்கு முன்பல் இரண்டும் உரிந்துவிட்டன. பெண்கள் அளவு என்று வந்தது ஆண்கள் அளவில் சிறியது, அவ்வளவுதான். தோள் வழிகிறது, கையைத் தூக்கினால் இடுப்பு தெரிகிறது. அதனால் உள்ளே இன்னொரு பனியன் போட்டுக்கொண்டு ஆடுகிறோம். போன வருடத்து நீலச் சட்டை சாயம் போனது என்றாலும் அதைத்தான் பயிற்சிக்குப் போடுகிறோம்.

முட்டையும் பாலும் தொடர்ந்து வரவேண்டும். அதை நிறுத்திவிடும்படி எதையும் எழுதிவிடாதீர்கள்.

தொழில்முனைவோன் 09

தங்கச்சி எழுதியதைப் படித்தபின் அந்த நிறுவனத்தில் எனக்குத் தெரிந்தவரிடம் பேசினேன். அவர்களுக்குச் சுறா மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை. வடிவமைத்தவர் காட்டிய நாலைந்து படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தங்கள் பெயர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. முன்பக்கம் எதுவாக இருந்தாலும் சரி, முதுகும் கையும் தங்களுக்கு வேண்டும் என்கிறார்கள். கையை மட்டும் கொடுத்துவிட்டு முதுகை ஆட்டக்காரர் பெயருக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஷார்க்ஸ் தான் விற்கும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை, அது வேறு விஷயம்.

வழக்காடுபவள்

பேரத்தை வாயால் முடிக்காதீர்கள். ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். புதுப் படம் வரைபவரிடமும் உரிமையைக் கல்லூரிக்கு எழுதி வாங்கவேண்டும்.

வடகடல் 98

கடிதத்தில் மூன்று கோரிக்கை: பெயரை இரண்டு அணியும் வாக்களித்து முடிவு செய்யட்டும், பதிவு கல்லூரி பெயரில் இருக்கட்டும், சட்டை தைக்கும் முன் அளவு எடுக்கட்டும். திருப்பூரில் நம் 2003 ஆம் வருடத்து மாணவர் ஒருவர் பனியன் தொழிலில் இருக்கிறார். வெளிர்நீலத்தில் காற்றுப் போகும் துணி, படத்தைத் துணியிலேயே சாயமாக ஏற்றிவிடலாம், உரியாது என்கிறார். நிறத்தை நெறியாளர் ஒருமுறை பார்த்துவிடட்டும். முட்டைக் கணக்குக்குத் தென்கடல் ரசிகனோடு சேர்த்து இதுவரை பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பழைய மாணவர் அல்லாத ஒருவர் முதலில் கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தென்கடல் ரசிகன்

ஆவுளியா வரைந்தால் பல் வைக்காதீர்கள். அந்தச் சுறாவுக்கு வைத்தது போதும்.

மண்டபம் முகாம்

வயது வந்த ஆணுக்குச் சின்னத் தந்தம் போல் இரண்டு பல் வெளியே தெரியும். பெண்ணுக்குப் பொதுவாகத் தெரியாது. இரண்டு அணிக்கும் ஒரே படம் என்றால் எதை வரைவது என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் ஆண்டு

பல் இல்லாததையே வரையுங்கள் சார். பையன்களும் அதைப் போட்டுக்கொள்ளட்டும். அளவுகளை நாளை வகுப்பு முடிந்ததும் எடுத்து அனுப்புகிறேன்.